அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு மடக்கு

சேதி இருபது நிமிஷம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது.

காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் நஜீமாவுக்குப் பிரசவம். ரத்தம் நிற்கவில்லை. அவளுக்குச் சேரும் ரத்தம் லட்சத்தில் சிலருக்குத்தான் உண்டு. உத்திரமேரூரில் யாருக்கு இருக்கிறதென்று கூப்பிட்டுக் கேட்டால்தான் தெரியும். பள்ளிவாசல் ஆபீஸுக்குப் போன் வந்தது.

ஆஷிகா டீச்சருக்கு அந்த ரத்தம். வீட்டில்தான் இருந்தாள். பள்ளிவாசல் மைக்கில் பேசுவதை அப்படியே ஒலிக்கும் ரிசீவர் பெட்டி அவள் பக்கத்திலேயே இருந்தது. அப்படி அறுபது வீட்டில் உண்டு. பெட்டியில் ஓடிக்கொண்டிருந்தது வெள்ளிக்கிழமை பயான். பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்தின் மார்க்கப் பேச்சு.

பாங்கு சொல்லும் மோதினார், போன் சேதியை எழுதிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பெரியவர் பேசும்போது குறுக்கே போவதா? மரியாதைக்கு நின்றார். நின்றது இருபது நிமிஷம்.

நஜீமா பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

செயலாளர் அஹமது பாட்சா, பெட்டிகளைச் செய்து கொடுத்த ரேடியோ மெக்கானிக் சிராஜைக் கூப்பிட்டார்.

"உன் மிஷினு லேட்டுடா."

"இல்ல பாய். மைக்குல வுழுந்தா கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள அறுவது வூட்லயும் கேக்கும். சேதி மைக்குக்கு முன்னாடியே நின்னுபோச்சி."

"அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற?"

"வாசல்ல இன்னொரு மைக்கு வெக்கறேன். அவசரம்னா பட்டன அமுக்கலாம். பயான் சத்தம் அடங்கி, சேதி போவும்."

"பயானையே வெட்டுவியா? ஹஜ்ரத் கோச்சிக்க மாட்டாரு? போடா, போய் ரேடியோவக் கழட்டு."

ஹஜ்ரத் கோபிப்பாரா என்று ஹஜ்ரத்தை யாரும் கேட்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை புதுப் பேஜார். ஹஜ்ரத் பேச்சு நடுவில் நடுவில் நின்றது. நல்ல கட்டம் வரும், நிறுத்துவார். சொம்பை எடுப்பார். ஒரு மடக்குத் தண்ணீர். எங்கோ பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். அப்புறம்தான் மிச்சம்.

அந்த நேரமெல்லாம் வீடுகளில் பெட்டி 'உஸ்' என்று இரைந்தது. பெண்கள் தட்டிப் பார்த்தார்கள். மறுநாள் எட்டுப் பெட்டி சிராஜ் கடைக்கு வந்தது.

எட்டையும் பிரித்தான். ஒரு கோளாறும் இல்லை. எரிச்சலோடு ஹஜ்ரத்திடம் போனான்.

"ஹஜ்ரத், தண்ணிய முன்னாடியே குடிச்சிக்கினா ஆவாதா? எம்பொட்டி ரிப்பேருன்னு ஊரே பேசுது."

"வயசாச்சுப்பா. தொண்டை காயுது."

அவ்வளவுதான்.

நாலு வாரம் இதே கதை. அஹமது பாட்சாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஆளு தளந்து பூட்டாரு. நோம்புக்கு முன்ன வேற ஹஜ்ரத்தப் பாத்துக்கலாம். ஞாயித்துக்கெயம கமிட்டில சொல்லிடறேன். இன்னாடா சொல்ற?"

சிராஜ் தலையாட்டினான். ஆட்டினான்தான். ஒளிப்பானேன்?

அந்த வெள்ளிக்கிழமை ஹஜ்ரத் வழக்கம்போல நிறுத்தினார். சொம்பை எடுத்தார்.

செருப்பு விடும் இடத்தில் ஏரிக்கரை நிலத்து சுப்பிரமணி நின்றார். வேட்டியெல்லாம் சேறு. தோளில் மகள் இளவரசி, கண் சொருகிக் கிடந்தாள். மோதினார் அவரைக் கால் கழுவக்கூட விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துவந்து மைக் முன்னால் நிறுத்தினார்.

"கொயந்திய பாம்பு கடிச்சிட்சிங்க... செங்கல்பட்டுக்கு இட்டுக்கினு போவணும்... பஸ்ஸு பூட்சி. யார்னா வண்டி..."



இரண்டு தெரு தள்ளி இர்பானா இதை ரிசீவரில் கேட்டாள். தன் வீட்டுக் கார் டிரைவர் வேதகிரியை வெளியே தள்ளாத குறையாக விரட்டினாள். ஹஜ்ரத் சொம்பைக் கீழே வைக்கவில்லை, பள்ளிவாசல் முன்னால் கார் ஹாரன்.

பெண் பிழைத்துவிட்டாள் என்று பொழுது சாயப் போன் வந்தது.

அஹமது பாட்சா கடைக்கே வந்துவிட்டார். சிராஜ் தோளில் ஒரு தட்டு.

"பலே ஆளுடா நீ! எனக்குத் தெரியாம இன்னாத்த மாட்டின? அன்னிக்கி இருவது நிமிசம் நின்ன சேதி, இன்னிக்கி ஒரு நிமிசத்துல பூட்சே!"

சிராஜ் அப்போதுதான் மோதினாரைப் பார்த்துப் பேசிவிட்டு வந்திருந்தான். முகம் சரியாக இல்லை.

"நான் ஒரு ஸ்க்ரூகூடத் திருப்பல பாய். 'நான் தண்ணி குடிக்கிறப்ப யார் வந்தாலும் மைக்குகிட்ட கூட்டியா. வெளிய சொல்லாதே. அன்னிக்கு சீட்டோட நின்னது நீதான்னு ஊர் உன்னைக் கொன்னுடும்'னு மோதினாருகிட்ட ஒருத்தரு சொல்லி வெச்சிக்கீறாரு. நாலு வாரமா அஞ்சு நிமிசத்துக்கு ஒருதபா, தாகமே இல்லாம குடிச்சிக்கினு, வாசலப் பாத்துக்கினு இருந்துகீறாரு."

பாட்சா அவன் தோளிலிருந்து கையை எடுத்தார்.

"ஞாயித்துக்கெயம கமிட்டில, யாரு சரி பண்ணதுன்னு கேப்பாங்க. பேரச் சொல்லிடுங்க பாய். அப்துல் சமது ஹஜ்ரத்."