கேட்காமல் வந்த செருப்பு

கேட்காத பார்சல் வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது எங்கள் குடியிருப்பின் விதி. எவனோ நம் பெயரையும் விலாசத்தையும் திருடி எதையாவது அனுப்புவான். பிறகு நாமே வாங்கிப் புகழ்ந்ததாக இணையக் கடையில் எழுதிக்கொள்வான்.

என் மனைவி ரெஜினாவுக்கு எதையும் பிரிக்காமல் இருக்க முடியாது. போன மாதம் அவள் பெயருக்கு மெத்தென்று ஒரு ஜோடிச் செருப்பு வந்தது. சர்க்கரை நோயாளிகள் போடுவது.

"எனக்கெதுக்குங்க இது?" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது.

"இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கிட்னி போயிருக்கும்" என்றார் டாக்டர்.

எங்கள் கழிவறை சிறுநீரைப் பரிசோதித்துத் தினமும் போனுக்கு அறிக்கை அனுப்பும். நாங்கள் ஒருநாளும் அதைப் படித்ததில்லை. திருடன் படித்திருக்கிறான்.

போலீஸில் புகார் எழுதும்போது ரெஜினா மெதுவாகக் கேட்டாள்: "கடைசியில அவனுக்கு நன்றின்னு ஒரு வரி சேர்த்துக்கலாமா சார்?"

நேற்று என் பெயருக்கும் ஒரு பார்சல் வந்தது. அதை ரெஜினாவிடம் நீட்டினேன். "நீயே பிரி" என்றேன்.

உள்ளே ஒரு சீப்பு இருந்தது.

ரெஜினா என் வழுக்கைத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களைப் பத்தி அவனுக்கு ஒண்ணுமே கிடைக்கலைங்க" என்றபோது அவள் கண் கலங்கியிருந்தது.

மாதாவுக்கு நன்றி சொல்லிவிட்டு, சீப்பை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.