திருகாணி பார்த்த கடல்

மஃப்டியில் வேலை பார்க்கும் போலீஸ் அதிகாரி பொற்கொடியின் இடுப்பில், சட்டைக்கு அடியில், ஒரு துப்பாக்கி உறை இருந்தது. அதை பெல்ட்டோடு பிடித்து வைத்திருந்தது ஒரு சின்னத் திருகாணி. கடற்கரையில்தான் அவளுக்குக் காவல். அலைச் சத்தம் ஓயாமல் கேட்கும். ஆனால் உறையும் திருகாணியும் கடலைப் பார்த்ததே இல்லை.

"ஒரே ஒரு தடவை பார்த்துட்டா போதும்" என்று ஏங்கிய திருகாணி, அவள் நடக்க நடக்கத் தளர்ந்துகொண்டே வந்தது.

"எனக்கும் ஆசைதான். ஆனா நீ கழன்றா துப்பாக்கியோட நான் கூட்டத்துல விழுவேன். குழந்தைங்க இருக்காங்க" என்றது உறை.

அன்று மாலை இடுப்பில் உறை ஆடுவதைப் பொற்கொடி உணர்ந்தாள். உடனே புறக்காவல் நிலையத்துக்குள் போய், துப்பாக்கியை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, உறையை மேசையில் கவிழ்த்து வைத்தாள். திருகாணியைக் கழற்றி உள்ளங்கையில் ஏந்தி, வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் போனாள்.

எதிரே கடல்.

"பசை தடவி முடுக்கிடுங்க மேடம். அப்புறம் கழலவே கழலாது" என்றார் அங்கே இருந்த ஏட்டு.

கொஞ்சம் உருண்டால் ஜன்னல் வழியே மணலில் விழுந்துவிடலாம். திருகாணி விரல் நுனிவரை உருண்டது. திரும்பிப் பார்த்தால், மேசையில் உறை முகம் குப்புறக் கிடந்தது. அது எதையுமே பார்க்கவில்லை. திருகாணி அங்கேயே நின்றுவிட்டது.

பொற்கொடி பசை தடவி இறுக முடுக்கினாள். பசை காய்ந்த பிறகு உறையை இடுப்பில் மாட்டிச் சட்டையை இறக்கிவிட்டாள்.

இருட்டில் உறை மெல்லக் கேட்டது: "எப்படி இருந்துச்சு?"

"அசைஞ்சுகிட்டே இருந்துச்சு" என்றது திருகாணி.