குண்டனின் புது முகவரி

“எங்க நாய்க்குத் தோலுக்கடியில போட்ட சிப்புல எங்க முகவரியை மாத்தணுங்க. பேரு குண்டன்.”

போனில் பேசிய பெண்ணுக்குப் பின்னால், “கட்டிலை எங்கம்மா இறக்கறது?” என்று யாரோ கத்தினார்கள். செல்லப்பிராணிகள் பதிவு அலுவலக ஊழியர் அசந்துபோனார்.

“சாமானே இறக்கலை, அதுக்குள்ள கூப்பிட்டுட்டீங்களே! வீடு மாறிட்டு வருஷக்கணக்கா வாயே திறக்காதவங்கதான் இங்க அதிகம். தொலைஞ்ச நாயோட சிப்பைப் பாத்து நாங்க கூப்பிட்டா, போனை எடுக்க ஆளிருக்காது.”

“போன தடவை மாறினப்பவும் அன்னைக்கே சொல்லிட்டேங்க.”

ஊழியர் கணினியைப் பார்த்தார். உண்மைதான்.

“உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா போதும்மா. புது வீடு குண்டனுக்குப் பிடிச்சிருக்கா?”

“பிடிக்கும். அவனுக்காகவே கீழ் வீடாப் பாத்தோம். மாடிப்படின்னா அவனுக்கு ஆகாது.”

“இத்தனை களேபரத்துலயும் குரைக்கவே காணோமே! அவ்வளவு சமத்தா?”

“அவன் இங்க இல்லீங்க. நாங்க ரெண்டு வீடு மாறறதுக்கு முன்னாடியே காணாமப் போயிட்டான்.”

கணினியில் தட்டிக்கொண்டிருந்த ஊழியரின் விரல்கள் நின்றன.

“யார் கையிலயாவது கிடைச்சா, எந்த வீட்டுக்குக் கொண்டுவரணும்னு தெரியணும்ல?” என்றாள் அவள்.

ஊழியர் புது முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டினார். பிறகு இன்னும் இரண்டு சொற்களைத் தட்டினார்.

“‘கீழ் வீடு’ன்னும் சேத்துட்டேம்மா.”