சொம்பு மறைத்த பக்கம்

பொருள்களின் மேல்பரப்பை மயிரிழை பிசகாமல் அளந்து, கணினித் திரையில் அச்சு அசலாக உருவாக்கும் கூடம் அது. அங்கே வந்து சேர்ந்த பித்தளைச் சொம்புக்கு ஒரே கூச்சம். தேய்த்துத் தேய்த்து உடம்பெல்லாம் கீறல். ஒரு பக்கம் மட்டும் புதிதாக மெருகேற்றியிருந்தார்கள். அதையே கேமராவுக்குக் காட்டிக்கொண்டு நின்றது.

விளக்கு மேலும் கீழுமாகச் சுற்றி வெளிச்சம் அடித்தது. கேமரா சலித்துக்கொண்டது. "என்னங்க இது? உங்களைக் காணோம், என் மூஞ்சிதான் தெரியுது."

"அந்தப் பக்கம் அசிங்கமா இருக்குங்க. ஒரே கீறல்."

"அதைத் தேடித்தாங்க இவ்வளவு நேரமா சுத்துறேன்," என்றது விளக்கு.

சொம்பு தயங்கித் தயங்கித் திரும்பியது. வெளிச்சம் ஒவ்வொரு கீறலிலும் இறங்கி மெல்லச் சிதறியது. திரையில், கைநீட்டி எடுத்துக்கொள்ளலாம் போல, இன்னொரு சொம்பு வந்து நின்றது.

புதுச் சொம்பு குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டது. "இந்த நீளக் கீறல் எனக்கு எப்படி வந்தது?"

பழைய சொம்பு நிமிர்ந்தது.

"அதுவா? கல்யாணப் பந்தியில எண்ணூறு பேருக்குத் தண்ணி ஊத்தின அன்னிக்கு விழுந்தது. இரு, முதல்லேர்ந்து சொல்றேன்."