பூசணிக் கொடிக்கு வந்த நோய்

“ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு பிஞ்சாவது வரலேன்னா இந்தப் பூசணிக் கொடியைப் பிடுங்கிப் போட்டுடுவேன்” என்றாள் மனைவி.

“அவசரப்படாதே. அடியில வீங்கிக் கிடக்கிற பூவையெல்லாம் தினமும் கிள்ளி எறிஞ்சுட்டுத்தானே இருக்கேன்? நோய் போனா தானா காய்க்கும்” என்றபடி, அன்றைய மூன்று பூக்களையும் வாளியில் போட்டார் கணவர்.

பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த தையல்காரர் வாளியை எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

“அண்ணே, இதெல்லாம் பெண் பூ! வீக்கம்னு சொல்றீங்களே, அதுதான் பிஞ்சு. மகரந்தம் பட்டா அதுவே காயாகும். ஆண் பூவை மட்டும் விட்டுவச்சா கொடி என்ன பண்ணும்?”

“தயவுசெஞ்சு வெளியில சொல்லிடாதீங்க. இவர் மானமே போயிடும்” என்று மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

கணவர் கையைக் கழுவிக்கொண்டு வேலைக்கு ஓடினார்.

பத்து மணிக்குக் கரும்பலகையில் ஒரு பெண் பூவை அழகாக வரைந்து, அடியில் உருண்டிருந்த பகுதிக்குச் ‘சூற்பை’ என்று பெயர் எழுதினார். இருபத்திரண்டு வருடங்களாக வரைகிற அதே படம்.

“சார், இதை நிஜத்துல பாத்திருக்கீங்களா?” என்றாள் முதல் பெஞ்சு மாணவி.

தாவரவியல் ஆசிரியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“பாக்காம என்னம்மா? இன்னைக்குக் காலையில கூட மூணு கிள்ளிப் போட்டேன்.”