கண்ணாடிக்குப் பின்னால்

“அதைச் சுவத்துலேர்ந்து கழட்டுங்கப்பா.”

அதை மட்டும் கேட்கவே கூடாது என்று அம்மா தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தாள். மகள் கேட்டேவிட்டாள்.

முழங்காலிட்டிருந்த அப்பா கண்ணைத் திறந்தார். அவர் சபையில் மூப்பர். கர்த்தரைத் தவிர எதையும் கும்பிடக்கூடாது என்று படம் போட்ட காலண்டரைக்கூடக் கிழித்துப் போட்டவர். ஆனால் தினமும் ஜெபம் மட்டும் அந்தக் கண்ணாடிச் சட்டத்துக்கு நேர் கீழேதான். அதற்கு மேலே ஒரு பல்பு வேறு.

“அது இருக்கிற வரைக்கும் இந்த வீட்டுக்கு ஒரு குறையும் வராது” என்றார்.

“ஊருக்கெல்லாம் விக்கிரகம் வேணாங்கறீங்க. அப்ப இது என்னவாம்?”

“ஏண்டி, அப்பாகிட்ட இப்படியா பேசுவ?” அம்மா பதறினாள்.

“பின்ன என்னம்மா? இவரு கர்த்தரையும் நம்பல, என்னையும் நம்பல. பரம்பரையிலயே முதல் டிகிரின்னு என் சர்டிபிகேட்டை மாட்டிவச்சு அதையே நம்பிக்கிட்டு இருக்காரு! ஒரிஜினல் இல்லாம இன்னைக்கு வேலையில சேர்த்துக்க மாட்டாங்க.”

“நகலைக் கொண்டு போ. ஒரிஜினல் அங்கிருந்து அசையாது.”

“நாலு நாளா நீங்க நகலுக்கு முன்னாடிதாம்ப்பா முழங்கால் போடறீங்க. கலர் ஜெராக்ஸ். உங்களுக்கே மனசு வந்து எடுத்துக் கொடுப்பீங்களான்னுதான் இன்னைக்குக் கேட்டுப் பார்த்தேன்.”

அப்பா எழுந்து கண்ணாடியருகே முகத்தைக் கொண்டுபோனார். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அவர் திரும்பியபோது மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கியிருந்தாள்.