பாட்டு இல்லாத வண்டி

சுட்ட மக்காச்சோளக் கதிரை ஒடித்து, பெரிய பாதியை என்னிடம் நீட்டுகிறான் என் தம்பி முடிண்டா. அவன் விரல்களில் மிளகாய்ப்பொடி சிவப்பாக ஒட்டியிருக்கிறது. நைரோபியின் காலை வெயில் இப்போதுதான் நிறுத்தத்தின் தகரக் கூரையில் ஏறுகிறது. வர்ணம் உரிந்த ஒரு மட்டாட்டு, எங்கள் ஊர்ச் சிற்றுந்து, வந்து நிற்கிறது. உள்ளே உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் இரண்டு இடம் காலி. "ஏறுடா, வேலைக்கு நேரமாச்சு" என்கிறேன். அவன் எட்டிப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறான். எங்கள் பேட்டை இளவட்டங்கள் எல்லோரும் இப்படித்தான். பாட்டும் படமும் பிடிக்காத வண்டியைப் போகவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பார்கள். "திரையில்ல, பாட்டில்ல. இதுல ஏறினா போய்ச் சேர்றதுக்குள்ள கிழவனாயிடுவேன்க்கா." நடத்துனர் சிரிக்கிறார். "மாப்பிள்ளைக்கு ஊர்வல வண்டி வேணுமாம்!" "ஆமாண்ணே. அக்கா, நீ உருளைக்கிழங்கு மூட்டையோட மூட்டையா போ. நான் பாட்டோட வரேன்." நான் இன்னொரு முறை கூப்பிடவில்லை, ஏறிவிடுகிறேன். கொஞ்ச தூரத்தில் பின்னாலிருந்து தரை அதிர்கிறது. ஊதா விளக்குகள் மின்ன ஒரு மட்டாட்டு எங்களை முந்துகிறது. படியில் தொங்கியபடி முடிண்டா தன் பாதிக் கதிரை என்னைப் பார்த்து ஆட்டுகிறான். ஆற்றுப்பாலத்துக்கு நாங்கள் வரும்போது அந்த வண்டி அவன் தொங்கிய பக்கமாகவே கவிழ்ந்து கிடக்கிறது. அவன் அதனடியில் இருக்கிறான். பெயர் சொல்லிக் கத்துகிறேன். உள்ளே பாட்டு மட்டும் நிற்காமல் ஓடுகிறது. என் கையில் கதிர் இன்னும் சூடாக இருக்கிறது. முடிண்டா இறந்து நான்கு வருடமாகிறது. அந்தப் பழைய வண்டியில்தான் இன்றும் வேலைக்குப் போகிறேன். அதில் இப்போதும் பாட்டு கிடையாது.